கனமூலம் சொன்ன சிறுவன்: ஸீரா கோல்பேர்ன்

எனக்கு அப்போது பதினொரு வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பு. மாரிகாலத்து மத்தியானம் ஒன்றில் கணக்கு மாஸ்டர் வகுப்புக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்தார். நூறுக்குக் குறைந்த எண் ஒன்றை நினைக்கச் சொன்னார். அதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை இன்னொரு தடவையும் அதே எண்ணால் பெருக்கி, கடைசி விடையை மட்டும் உரத்துச் சொல்லச் சொன்னார். நான் கொப்பியில் ஐந்து நிமிடம் பெருக்கி, ஐந்து லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று எண்பத்தேழு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் எண்பத்துமூன்று என்றார். நான் நினைத்த எண் அதுதான். அன்று முழுவதும் அவர் எங்களுக்கு மனிதராகவே தெரியவில்லை.

மறுநாள் அந்த வித்தையை அவரே அவிழ்த்துக் காட்டினார். ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களின் கனங்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729. இவற்றின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. ஆகவே கனத்தின் கடைசி இலக்கத்தைக் கேட்டவுடனே மூலத்தின் கடைசி இலக்கம் தெரிந்துவிடும். 571,787 என்ற எண் 7இல் முடிகிறது. 7இல் முடியும் கனம் 3இனுடையது. பிறகு கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துவிட்டால் மிஞ்சுவது 571. அது 512க்கும் 729க்கும் நடுவே இருக்கிறது. 512 என்பது 8இன் கனம். ஆகவே 83. அவ்வளவுதான்.

ஐம்பது வருடங்களுக்குப் பிறகு அந்த வித்தையை மொன்றியலில் என் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. ஒரு மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டாள். அந்த வருடப் பொங்கல் விழாவில் அவளை மேடையேற்றினேன். சபையில் இருந்தவர்கள் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டு எண்களைச் சொல்ல, ஏழு எண்களுக்கும் அவள் நிறுத்தாமல் விடை சொன்னாள். மண்டபம் கைதட்டியது. பலர் என்னிடம் வந்து கைகுலுக்கினார்கள். இது பரம்பரையாக வருவதா என்று ஒருவர் கேட்டார். நான் மறுக்கவில்லை. வீடு திரும்பும்போது காரின் பின் இருக்கையிலிருந்து பேத்தி, அடுத்த வருடமும் இதைச் செய்யவேண்டுமா என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு எனக்கு ஞாபகம் வந்த மனிதர்தான் ஸீரா கோல்பேர்ன். முன்பொரு காலத்தில் நூலகமொன்றில் அவரைப்பற்றிப் படித்திருந்தேன். இப்போது மறுபடியும் தேடிப் படித்தேன்.

*

ஸீரா கோல்பேர்ன் 1804ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கபோட் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை அபையா கோல்பேர்ன், சிறு விவசாயி, தச்சுவேலையும் செய்பவர். வீடு நிறையப் பிள்ளைகள். கையில் காசு இல்லை. ஸீராவின் இரு கைகளிலும் ஆறாறு விரல்கள், கால்களிலும் அப்படியே. தந்தை வழியில் வந்த அமைப்பு அது. பின்னாளில் லண்டனில் அன்ரனி கார்லைல் என்ற அறுவை மருத்துவர் இந்தக் குடும்பத்தின் விரல்களைப் பற்றி 1814இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். பரம்பரையாக ஓர் உடற்கூறு இறங்கிவருவதைக் குறித்துவைத்த ஆரம்பகாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

சிறுவயதில் ஸீராவை வீட்டில் மந்தமான பிள்ளை என்றே நினைத்தார்கள். 1810ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அவனுக்கு ஆறு வயது நிறையவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிழமை போல் போயிருந்தான். தந்தை தச்சு மேசையில் வேலையாக இருக்க, அவன் கீழே மரச்சீவல்களில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டின் நடுவே ஐந்து ஏழு முப்பத்தைந்து, ஆறு எட்டு நாற்பத்தெட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது தந்தையின் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்பாடு கேட்டிருப்பான் என்று நினைத்தாலும், சோதித்துப் பார்க்கத் தோன்றியது. கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னான். கடைசியில் பதின்மூன்றைத் தொண்ணூற்றேழால் பெருக்கினால் என்ன என்று கேட்டார். ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்று என்று உடனே வந்தது பதில்.

அபையாவின் வாழ்க்கை அந்தக் கணத்தில் திசைமாறியது. கபோட்டில் கல்லும் பனியும் கலந்த நிலத்தோடு போராடிக்கொண்டிருந்தவருக்கு, தன் வீட்டு மரச்சீவலுக்குள் ஒரு புதையல் கிடப்பதாகப் பட்டிருக்கவேண்டும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏழு எண்களுக்குக் கிடைத்த கைதட்டலிலேயே நான் இரண்டு நாள் மிதந்தேன்.

சில வாரங்களுக்குள் மகனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான டான்வில்லுக்குப் போனார். அங்கிருந்து மாநிலத் தலைநகர் மொன்ட்பீலியர், பேர்லிங்டன், பிறகு நியூஹாம்ப்ஷயரில் ஹனோவர். ஹனோவரில்தான் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. அதன் தலைவர் ஜோன் வீலொக் சிறுவனைப் பார்த்து வியந்து, அவனுடைய கல்விச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொன்னார். தந்தை சம்மதிக்கவில்லை. அவ்வருட இறுதியில் பொஸ்டனுக்குப் போனார்கள். அங்கேயும் செல்வர் சிலர் 5,000 டொலர் வரை திரட்டிச் சிறுவனைப் படிக்கவைக்கும் திட்டத்தோடு வந்தார்கள். நிபந்தனைகளில் இணக்கம் ஏற்படாமல் அதுவும் கலைந்தது. பிள்ளையைப் பிறர் கையில் கொடுக்கத் தந்தைக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய தொகை எங்கோ காத்திருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது.

பொஸ்டனில் கேட்ட கேள்விகளுள் ஒன்று: இரண்டாயிரம் வருடங்களில் எத்தனை விநாடிகள்? ஆறு வயதுப் பிள்ளை 63,072,000,000 என்றான். நியூயோர்க், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று ஊர் ஊராகக் கண்காட்சி நடந்தது. 1812ஆம் ஆண்டு தந்தையும் மகனும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள். மனைவியும் மற்றப் பிள்ளைகளும் கபோட் பண்ணையிலேயே இருந்தார்கள். அபையா அவர்களைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

*

லண்டனில் ஸ்பிரிங் கார்டன்ஸ் என்ற இடத்தில் ஸீரா பார்வைக்கு வைக்கப்பட்டான். கட்டணம் கொடுத்து யாரும் உள்ளே வந்து கேள்வி கேட்கலாம். இளவரசர்களும் வந்தார்கள், விஞ்ஞானிகளும் வந்தார்கள். அப்போது குறித்துவைக்கப்பட்ட விடைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எட்டை அதே எட்டால் பெருக்கிப் பெருக்கிப் பதினாறாவது அடுக்கு வரை கொண்டுபோகச் சொன்னார்கள். 281,474,976,710,656 என்று கடைசி இலக்கம் வரை சொன்னான். 106,929இன் வர்க்கமூலம் கேட்டார்கள். கேள்வியை எழுதி முடிக்குமுன் 327 என்றான். 268,336,125இன் கனமூலம் என்ன என்றார்கள். அதே வேகத்தில் 645 என்றான்.

இந்தக் கடைசி விடையைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மாஸ்டர் சொல்லித்தந்த வித்தை இரண்டிலக்க மூலத்துக்குத்தான் போதும். மூன்றிலக்க மூலத்துக்கு நடு இலக்கம் ஒன்று தேவை. அதை எடுக்க, கனத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். உதாரணமாக 80,062,991 என்ற எண்ணை எடுங்கள். முன்பகுதியில் இருக்கும் 80, 4இன் கனமான 64க்கும் 5இன் கனமான 125க்கும் நடுவே வருவதால் முதல் இலக்கம் 4. கடைசி இலக்கம் 1. ஆகவே மூலமும் 1இல் முடியும். ஒன்றில் முடியும் 11, 21, 31 முதலானவற்றின் கனங்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் முறையே 31, 61, 91 என்று வேறுவேறாக இருக்கின்றன. 91 என்பது 31க்கு உரியது. விடை 431. ஐந்தில் முடியும் 645 போன்ற எண்களில் இந்த அடையாளம் தெளிவாக இராது; இன்னும் நுணுக்கமாகப் பார்க்கவேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் இந்தக் கடைசி இலக்கங்களின் ஒழுங்கைத் தானாகவே உணர்ந்திருந்தான். ஆனால் தாளில் ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்கைக்கூட அவனுக்கு எழுதிச் செய்யத் தெரியாது.

காரணிகள் காண்பதில் இன்னும் ஆச்சரியம். 247,483ஐப் பிரிக்கச் சொன்னபோது 941, 263 என்ற இரண்டு எண்களையும் சொல்லி, வேறு காரணிகள் இல்லை என்றான். 36,083 என்ற எண்ணைக் கொடுத்தபோது இதற்குக் காரணியே இல்லை, இது முதன்மை எண் என்றான். பேரறிஞர் பெர்மா முதன்மை எண் என்று நம்பிய 4,294,967,297ஐயும் அவன்முன் வைத்தார்கள். அது அப்படியல்ல என்பதை ஒய்லர் 1732இல்தான் கண்டுபிடித்திருந்தார். சிறுவன் சற்றுநேரம் யோசித்து 641ஆல் வகுபடும் என்றான்.

எப்படிச் செய்கிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். அவனால் சொல்ல முடியவில்லை. வற்புறுத்தினால் அழுதான். ஆனால் சில சமயம் ஒரு நூல் வெளியே தெரியும். குளொஸ்டர் கோமகன் 21,734ஐ 543ஆல் பெருக்கச் சொன்னபோது 11,801,562 என்று உடனே சொல்லிவிட்டு, தான் மனதுக்குள் 65,202ஐ 181ஆல் பெருக்கியதாகச் சொன்னான். 543 என்பது மூன்று 181. மூன்றை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இலகுவாக்கிக்கொண்டான். எண்களைக் குவியலாகப் பார்க்காமல் அவற்றின் மூட்டுகளை அவன் பார்த்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

1813ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். எடின்பரோவில் ஒரு நடுநிசி. ஒன்பது வயது ஸீரா தூக்கத்திலிருந்து விழித்து, காரணிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று இப்போது சொல்ல முடியும் என்று தந்தையை எழுப்பினான். அபையா எழுந்து விளக்கேற்றி, பேனாவை எடுத்துப் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். விஷயம் கடைசி இரண்டு இலக்கங்களில்தான் இருந்தது. 247,483 என்ற எண் 83இல் முடிகிறது. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 83இல் முடியும்? அந்தச் சோடிகளில் ஒன்று 41உம் 63உம், பெருக்கினால் 2,583. அப்படி முடியும் எண்களை மட்டும் சோதித்துப் பார்த்தால் 941உம் 263உம் அகப்படும். இப்படி ஒவ்வொரு முடிவுக்கும் உரிய சோடிகளின் பட்டியல் முழுவதும் அவன் தலைக்குள் இருந்தது. அந்தக் குளிர் இரவில் விளக்கொளியில் எழுதிக்கொண்டிருந்த தந்தையையும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளையையும் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த அறையில் பார்வையாளர் யாரும் இல்லை, அனுமதிச்சீட்டும் இல்லை. அவர்களின் பயணம் முழுவதிலும் மிக நல்ல வகுப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதே 1813இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஸீராவைவிட ஒரு வயது குறைந்த ஒரு பையனோடு அவனைப் போட்டியில் நிறுத்தினார்கள். அந்தப் பையன் பல மொழிகள் படித்துப் புகழ்பெற்றவன். கணக்கில் ஸீராவிடம் தோற்றான். அவன்தான் பின்னாளில் குவாட்டர்னியன்களைக் கண்டுபிடித்த கணித மேதை வில்லியம் ரோவன் ஹமில்ட்டன். சில வருடங்கள் கழித்து இருவரும் மறுபடி சந்தித்தபோது, ஸீராவின் முறைகளை ஹமில்ட்டன் ஒவ்வொன்றாகக் கேட்டுத் துருவி ஆராய்ந்தார். தோற்றவர் கணிதத்துக்குள் போனார். வென்றவருக்குப் போக வழி கிடைக்கவில்லை.

*

1814இல் தந்தையும் மகனும் பாரிஸுக்குப் போனார்கள். பிரெஞ்சுக் கழகத்து அறிஞர்கள்முன் கணக்குச் சொன்ன பிறகு, நெப்போலியன் பெயரிலிருந்த அரசுப் பள்ளியில் ஸீராவுக்கு இடம் கிடைத்தது. 1815ஆம் ஆண்டு அது. நெப்போலியன் திரும்பிவந்து வாட்டர்லூவில் தோற்ற வருடம். அமைதியாகப் படிக்க ஏற்ற காலமும் அல்ல, இடமும் அல்ல. அடுத்த வருடமே இங்கிலாந்து திரும்பினார்கள். அங்கே பிரிஸ்டல் பிரபு முன்வந்து, லண்டனில் பெயர்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்த்து, செலவையும் பொறுப்பேற்றார். 1816 முதல் 1819 வரை மூன்று வருடங்கள் ஸீரா ஒழுங்காகப் படித்தது அங்கேதான். அவனுக்கு மொழிகள் நன்றாக வந்தன. பிறகு மேற்படிப்பை எங்கே, யாரிடம் தொடர்வது என்பதில் பிரபுவுக்கும் அபையாவுக்கும் ஒத்துப்போகவில்லை. தந்தை மகனைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார். டார்ட்மவுத், பொஸ்டன், இப்போது வெஸ்ட்மின்ஸ்டர். ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒவ்வொரு கதவையும் தந்தையே சாத்தினார்.

இனிக் கணக்கைக் காட்டியும் பணம் வராது. பதினைந்து வயது இளைஞன் பெருக்கிக் காட்டினால் யார் வியப்பார்கள்? தந்தைக்கு இன்னொரு யோசனை வந்தது. மகனை நடிகனாக்கலாம். சார்ல்ஸ் கெம்பிள் என்ற பெரும் நடிகரிடம் பயிற்சிக்கு விட்டார். சில மாதங்கள் மேடையேறியும் அது ஒட்டவில்லை. ஸீரா நாடகம் எழுதிப் பார்த்தான், அதுவும் பலிக்கவில்லை. பிறகு சிறு பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கற்பித்தான். ஒளியின் அலைத்தன்மையைக் காட்டிய தோமஸ் யங் என்ற விஞ்ஞானிக்காக வானியல் கணக்குகள் சிலவற்றையும் செய்துகொடுத்தான். அவன் திறமைக்கு ஏற்ற வேலை அது ஒன்றுதான், அதுவும் நீடிக்கவில்லை.

1824ஆம் ஆண்டு பெப்ரவரியில் அபையா கோல்பேர்ன் காசநோயால் லண்டனில் இறந்தார். புதையலைத் தேடி வந்தவர் கடனையும் பத்தொன்பது வயது மகனையும் விட்டுப்போனார். பிரிஸ்டல் பிரபு பழைய மனஸ்தாபத்தைப் பாராட்டாமல் உதவ, ஸீரா அதே வருடம் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஏழு வயதில் விட்டுப்போன வீட்டுக்குப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து வந்து சேர்ந்தார். கணவனின் துணையில்லாமல் அந்தப் பண்ணையையும் பிள்ளைகளையும் தாங்கி நின்றவர் தாய். பிள்ளையின் புகழைப் பற்றி உலகம் எழுதிய பக்கங்களில் அவருக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். ஆனால் பின்னாளில் ஸீரா தன் வரலாற்றை எழுதியபோது தாயின் உழைப்பை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாழ்க்கையில் கைதட்டல் இல்லை. மெதடிஸ்ட் சபையில் சேர்ந்து, ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கம் செய்யும் போதகராக ஒன்பது வருடங்கள் இருந்தார். திருமணம் செய்தார், பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். 1833இல் மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்பீல்டில் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் ஒரு விசேஷம். தன்னைப் பற்றி எழுதும்போது நான் என்று எழுதாமல், வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுவதுபோல ஸீரா என்றே எழுதிக்கொண்டுபோகிறார். காரணி காணும் முறையையும் மூலம் காணும் முறையையும் அதில் விளக்கி வைத்தார். தந்தையைத் திட்டவில்லை. தவறிப்போன சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்துகிறார். ஆனால் அவர் நேசம் இல்லாதவர் என்று எங்கும் எழுதவில்லை.

1835இல் வெர்மான்ட்டிலேயே நோரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கணிதப் பேராசிரியராக அல்ல, மொழிப் பேராசிரியராக! இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் படிப்பித்தார். பழைய கணக்குத் திறன் அப்போது பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. 1839ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி, முப்பத்துநான்கு வயதில், தந்தையைப் போலவே காசநோயால் காலமானார்.

*

இந்த வரலாற்றுக்கு ஒரு நிழல்வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கல்தச்சர் ஒருவரின் மகனாக 1806இல் பிறந்தவர் ஜோர்ஜ் பிட்டர். அவரும் சிறுவயதில் மனக்கணக்கில் வல்லவர். அவருடைய தந்தையும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்து ஊர் ஊராகக் காட்டிப் பணம் சேர்த்தார். 1818இல் இரண்டு பையன்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார்கள். இதுவரை இரண்டு கதையும் ஒன்றுதான். பிறகு எடின்பரோவில் சில பெரியவர்கள் பிட்டரின் தந்தையோடு பேசிச் சம்மதிக்கவைத்து, பையனைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். அவர் பொறியியலாளராகி, ரொபர்ட் ஸ்டீவன்சனோடு ரயில்பாதைகள் போட்டார்; லண்டனில் விக்டோரியா கப்பல்துறையைக் கட்டினார்; குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவருமானார். 1856இல் அதே நிறுவனத்தில் மனக்கணக்கு செய்யும் முறை பற்றி நீண்ட விரிவுரை ஆற்றினார். 1878இல் இறக்கும்வரை அவருடைய கணக்குத் திறன் குறையவில்லை. ஒரு தந்தை சம்மதித்தார், மற்றவர் சம்மதிக்கவில்லை. முழுக் காரணமும் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

புலம்பெயர்ந்த நாங்கள் எங்கள் பிள்ளைகளை மேடையேற்றுவதில் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல. திருக்குறள் ஒப்புவித்தல், பேச்சுப்போட்டி, பரதநாட்டியம், மணிச்சட்டக் கணக்கு என்று சனி ஞாயிறு முழுவதும் போகிறது. இழந்துவந்த ஊருக்கும் கௌரவத்துக்கும் பிள்ளைகளின் வெற்றியை ஈடாக வைக்கிறோம். அதில் நேசம் இல்லை என்று யார் சொல்வார்கள்? அபையா கோல்பேர்னிடமும் நேசம் இருந்தது. நடுநிசியில் எழுந்து விளக்கேற்றியவர் அவர்.

பொங்கல் முடிந்து இரண்டு மாதமிருக்கும். ஒரு சனிக்கிழமை பேத்தி முகம் வாடி என்னிடம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதி ஒருத்தி 571,797 என்று ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறாள். இவள் வழக்கம்போல 83 என்றிருக்கிறாள். பிறகு சந்தேகம் வந்து பெருக்கிப் பார்த்தால் பத்துக் குறைகிறது. சிநேகிதி ஏதோ வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாள். வித்தை பொய்யா என்று கேட்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மேடையில் யாரும் கேட்காத கேள்வி இது. அவளைப் பக்கத்தில் இருத்திச் சொன்னேன்: இந்த வித்தை கனமூலத்தைக் கண்டுபிடிப்பதில்லை. முழு எண்ணின் கனம் என்று முன்கூட்டியே தெரிந்த எண்ணை அடையாளம் காண்கிறது, அவ்வளவுதான். கோல்பேர்னின் முறையும் அப்படிப்பட்ட எண்களுக்கே பொருந்தும். வாய்க்கு வந்த எண்ணுக்கு வேறு வழி வேண்டும். பத்து மிஞ்சுகிறது அல்லவா? 83ஐ 83ஆல் பெருக்கி மூன்றால் பெருக்கினால் 20,667. மிஞ்சிய பத்தை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 0.0005. ஆகவே மூலம் 83.0005க்குக் கிட்ட. ஏன் மூன்று மடங்கு என்று கேட்டாள். சீனிக்கட்டிகளை அடுக்கி ஒரு கனசதுரம் செய்து, அதைச் சற்றே பெரிதாக்க மூன்று முகங்களில் மட்டும் படலம் ஒட்டினால் போதும் என்பதைக் காட்டினேன். மூலத்தின் வர்க்கத்தை மும்மடங்காக்கி வகுக்கும் இந்தப் படியை ஆரியபட்டர் கி.பி. 499இல், தன் இருபத்துமூன்றாவது வயதில், ஒரே ஒரு செய்யுளுக்குள் அடக்கி வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன். சீனிக்கட்டிகளில் பாதியை அவள் தின்றுவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு விழாக்குழுவினர் கேட்டபோது, அவளிடமே கேளுங்கள் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை.

அந்தக் கோடையில் எல்லாருமாக எல்லை தாண்டி வெர்மான்ட்டுக்குப் போய்வந்தோம். கபோட் இன்று பாலாடைக்கட்டிக்குப் பேர்போன ஊர். பச்சை மலைகள், பசுக்கள், மரவீடுகள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்து, எந்தச் சரிவில் அந்தத் தச்சு மேசை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பின் இருக்கையில் பேத்தி, முன்னால் போகும் கார்களின் இலக்கத்தகடுகளைப் பார்த்து எண்களைக் காரணிகளாகப் பிரித்துக்கொண்டு வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், தனக்குத்தானே. நான் திரும்பிப் பார்க்கவில்லை.